அப்பாவின் நிழல்: இலங்கை மலையகத் தகப்பன்மாருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் படித்த மகன் ஓடி வந்து, "அப்பா, ஸ்கூல்ல ட்ரிப் போறாங்க, ஆயிரத்து ஐநூறு ரூவா கேக்குறாங்க" என்றான். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "காசு என்ன மரத்துலயா காய்க்குது? ஒனக்கு நேரங்காலம் தெரியாதா?" பையன் மிரண்டுபோய் அடுப்படிப் பக்கம் ஒதுங்கினான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சட்டைப் பையில் காசு இருந்தது. அப்படியிருக்க எதற்குக் கத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை. பல வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, வசதிக் கட்டணம் கட்டவில்லை என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்கள். முப்பது பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூச்சத்தை அன்றைக்கே விழுங்கிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மகன் நாலு பேர் முன்னால் காசு கேட்டதும் அது எழும்பிவிட்டது. கத்தியது அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான். அடி வாங்கியது என் பிள்ளை.

இப்படி உள்ளே ஒதுக்கி வைத்ததற்குத்தான் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்டாவ் யுங் (1875–1961) 'நிழல்' என்று பெயர் வைத்தார். "இது கூடாது, இது வெட்கம்" என்று சின்ன வயதில் நாம் தள்ளி வைத்த அழுகை, பயம், பொறாமை, ஆசை எதுவும் செத்துப்போவதில்லை. கண்ணுக்குப் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு அதையே அடுத்தவர் முகத்தில் கண்டு எரிச்சல்படுவோம். கெட்டது மட்டும் அங்கே கிடப்பதில்லை, வெளியே வர விடாத நல்ல குணமும் கிடக்கும் என்றும் அவர் சொன்னார். யுங் ஒரு போதகரின் மகன். அப்பாவின் மங்கிப்போன விசுவாசம் அவரை வாழ்நாள் முழுக்க உறுத்தியது. 1937-38இல் இந்தியாவுக்கு வந்த பயணத்தில் இலங்கைக்கும் வந்து, கண்டி தலதா மாளிகையைப் பார்த்து, அங்கே மாலைப் பூசையின் மேளத்தையும் கேட்டிருக்கிறார்.

தமிழில் நிழல் என்றால் முதலில் வருவது குளிர்ச்சி. "அப்பன் நிழல்ல வளந்த புள்ள" என்று நல்ல அர்த்தத்தில்தான் சொல்வோம். தேயிலை மலையிலும் நிழல் மரம் நடுவது கொழுந்தின் நன்மைக்கு. ஆனால் மலையில் வேலை செய்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நிழல் அடர்ந்துபோனால் இலை காயாது, ஈரம் தங்கி கொப்புள நோய் பிடிக்கும். அதனால்தான் மழைக்கு முன்பே நிழல் மரத்தின் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். மரத்தைத் தறிப்பதில்லை, கிளையைத்தான் கழிக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் வேலையும் அந்த மாதிரிதான்.

தொடங்கும் முன்

தினமும் குடிக்கிறீர்கள் என்றால், பிள்ளையையோ மனைவியையோ அடிப்பதை நிறுத்த முடியவில்லை என்றால், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்து போகிறது என்றால், கொப்பியும் பேனையும் பிறகு பார்க்கலாம். முதலில் உதவிக்கு ஒரு ஆளைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போக காசு வேண்டியதில்லை. "பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறான்" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேசுவார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. பேசினார்கள். ரெண்டு கிழமையில் வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

குடித்துவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. குடித்தால் உள்ளே இருப்பது வெளியே வரும், உண்மைதான். ஆனால் அதைப் பார்க்க வேண்டிய ஆள் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டான்.

முதல் படி: ஒரு இடம், ஒரு கொப்பி

"தனியாக ஒரு அறையில் அமைதியாக உட்காருங்கள்" என்று சொல்வது சுலபம். 10க்கு 12 அடி காம்பராவில் ஆறு பேர் இருந்தால் எங்கே உட்காருவது? எனக்குக் கிடைத்த இடம் பீலி, தண்ணி பிடிக்கிற இடம். காலையில் தண்ணிக்கு ஆட்கள் வரும் முன் கால் மணி நேரம். ஒரு நண்பர் வேலை முடிந்து ஹட்டன் பஸ்ஸில் வரும் நேரத்தை எடுத்துக்கொண்டார். இன்னொருவர் ஆட்டோவை ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் பின் சீட்டில் உட்காருவார். எந்த இடம் என்பது முக்கியமில்லை, தினமும் அதே இடமாக இருப்பதுதான் முக்கியம்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். எழுத வராதா, எழுதப் பிடிக்காதா, போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் யார் கையிலும் படாத இடத்தில் வையுங்கள். மனைவியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒளித்து வைத்த கொப்பியே வீட்டில் ஒரு சண்டையாகிவிடும்.

இரண்டாம் படி: கோபத்துக்கு ஒரு செக்ரோல்

தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் செக்ரோலில் (வேலைக்கு வந்தவர் பதிவேட்டில்) பேர் விழுகிற மாதிரி, கோபம் வந்த நாளெல்லாம் ஒரு பதிவு போடுங்கள். மூன்றே வரி. என்ன நடந்தது. உடம்பில் எங்கே தெரிந்தது. அந்த நேரம் எனக்கு எத்தனை வயது போல இருந்தது.

மூன்றாவது கேள்வி கிறுக்குத்தனமாகத் தோன்றும். விட்டுவிடாதீர்கள், அதுதான் சாவி. என் கொப்பியில் ஒரு பதிவு இது: "மகள் சோற்றைச் சிந்தினாள். தாடை இறுகியது. எட்டு வயசு." எட்டு வயதில் என்ன நடந்தது என்று அன்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து ரொட்டி சுடும் வாசத்தில் ஞாபகம் வந்தது. சிந்திய மாவைக் கூட்டி அள்ளி மறுபடியும் சட்டியில் போட்ட அம்மாவின் கை.

இரண்டு வாரம் பதிவு மட்டும் போடுங்கள். திருந்த முயற்சி செய்ய வேண்டாம். சும்மா எழுதுவதில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். எழுதப்போகிறோம் என்று தெரிந்ததும் கை ஓங்கும்போது ஒரு நொடி தயக்கம் வரும். முதல் இரண்டு வாரத்துக்கு அந்த ஒரு நொடி கிடைத்தாலே பெரிய காரியம்.

மூன்றாம் படி: அது யாருடைய குரல்?

கோபத்தில் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். நாகரிகப்படுத்த வேண்டாம். பிறகு அதைச் சத்தமில்லாமல் வாசித்து, இதை முதன்முதலில் யார் வாயிலிருந்து கேட்டேன் என்று யோசியுங்கள். "ஆம்பளப் புள்ள அழக்கூடாது" என்பது என் அப்பாவுடையது. "நீயெல்லாம் எங்க உருப்படப்போற" என்பது ஒரு வாத்தியாருடையது. "சோம்பேறி, வேலைக்கு லாயக்கில்ல" என்பது வீட்டுச் சொல்லே இல்லை என்று எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெரட்டுக்களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், விடிகாலைப் பனியில் நிற்கும் ஆட்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. துரை கணக்கப்பிள்ளையை ஏசினான், கணக்கப்பிள்ளை கங்காணியை ஏசினான், கங்காணி அப்பாவை ஏசினான். அப்பா அதை லயத்துக்குக் கொண்டு வந்தார். நான் அதைத் தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகும் பத்திரமாக வைத்திருந்து என் மகளிடம் கொடுத்தேன். அவள் தேயிலைக் கொழுந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை.

நான்காம் படி: பிள்ளை மேல் வரும் பொறாமை

இந்தப் படியில்தான் நிறையப் பேர் கொப்பியை மூடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"எனக்கு யாரு வாங்கிக் குடுத்தா?" இதை நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சப்பாத்து வாங்கும்போது, டியூஷன் காசு கட்டும்போது, பிள்ளை ஒரு துண்டு கோழியை மிச்சம் வைக்கும்போது. கேட்க அறிவுரை மாதிரி இருக்கும். உள்ளே இறங்கிப் பார்த்தால், நமக்குக் கிடைக்காதது இதற்குக் கிடைக்கிறதே என்ற வயிற்றெரிச்சல். சொந்தப் பிள்ளை மேல் பொறாமையா என்று பதறுவோம். பதற வேண்டாம். ஒன்றும் கிடைக்காத ஒரு பிள்ளை உள்ளே இருக்கிறது, அது தன் பங்கைக் கேட்கிறது. அவ்வளவுதான்.

புலமைப்பரிசில் பரீட்சை நேரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளையை இரவு பத்து மணி வரை உட்கார வைத்து, இரண்டு புள்ளி குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பாமாரை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். பரீட்சை எழுதியது மகன், ஆனால் பாஸ் ஆக வேண்டியிருந்தது எனக்கு. பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு சாமான் தூக்கப் போனவனுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேண்டியிருந்தது. அதை மகனின் முதுகில் ஏற்றினேன்.

செய்ய வேண்டியது இதுதான். கொப்பியில் ஒரு பக்கத்தில், பிள்ளையிடம் உங்களுக்குத் தாங்க முடியாத மூன்று விஷயத்தை எழுதுங்கள். அழுகிறான், சோம்பலாக இருக்கிறான், எதிர்த்துப் பேசுகிறான், எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதைச் செய்ய எனக்கு அனுமதி இருந்ததா?" என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியது: "எதிர்த்துப் பேசுகிறாள். எனக்கு அனுமதி இல்லை. பேசியிருந்தால் பல்லு போயிருக்கும்." எழுதி முடித்துப் பார்த்தபோது என் மகளின் வாய்த்துடுக்கு மேல் எனக்கு முதல் தடவையாக ஒரு சந்தோஷம் வந்தது. இந்தப் பிள்ளைக்கு என்னைக் கண்டு பயம் இல்லை, நல்லதுதானே.

பிறகு அந்த உள்ளே இருக்கும் பையனுக்கு அவன் பங்கைக் கொடுங்கள். சின்னதாகப் போதும். ஒரு நண்பர் நாற்பத்தைந்து வயதில் மகனோடு சேர்ந்து பட்டம் கட்டி விட்டார். நான் தப்பு மேளம் அடிக்கப் பழகினேன். சின்ன வயதில் எனக்கு அது உயிர். "தப்பு அடிக்கிறவன் மகன்" என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்த பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். நல்லதும் நிழலில் கிடக்கும் என்று யுங் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: உங்கள் அப்பாவின் கதை

அப்பா இருந்தால் அவரிடமே கேளுங்கள். "ஏன் என்னை அடிச்சீங்க?" என்று ஆரம்பித்தால் வாசல் மூடிவிடும். "ஒங்க பத்து வயசுல வீடு எப்படி இருந்துச்சு?" என்று ஒரு தேத்தண்ணியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். நேராக முகம் பார்த்து உட்கார வேண்டாம். விறகு பிளந்துகொண்டே, கோழிக்கூடு கட்டிக்கொண்டே கேட்டால் நம் அப்பாமாருக்குப் பேச்சு வரும்.

என் அப்பா இறந்துவிட்டார். அம்மாவிடம் கேட்டேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போன குடும்பம் எங்களுடையது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அப்படி நின்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பது என்று எழுதினார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றி 1974இல்தான் முடிவு செய்தார்கள். படித்த கணக்குத்தான். அம்மா சொன்ன பிறகு அதற்கு முகம் வந்தது. அப்பாவை வளர்த்த மூத்த அக்காவின் குடும்பம் அந்தக் கணக்கில் போனது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் அக்காவை ஏற்றிவிட்டு, பதினொரு வயதுப் பையன் ஸ்டேஷனில் தேம்பியிருக்கிறான். தாத்தா கன்னத்தில் அறைந்து, "ஆம்பளப் புள்ள அழக்கூடாது" என்றாராம்.

நான் அழும்போதெல்லாம் அப்பா அடித்தது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கியதால் அடி வலிக்காமல் போய்விடாது. அப்பாவை மன்னித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு நடந்தது மன்னிக்கக்கூடியதும் அல்ல. கதை தெரிந்தால், சுமை எது நம்முடையது, எது நம் கைக்கு வந்து சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். அதற்குத்தான் கேட்கச் சொல்கிறேன். முடிந்தால் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அனுப்ப வேண்டாம்.

ஆறாம் படி: பிள்ளையிடம் மன்னிப்பு கேட்பது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பதும் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "நேத்து அப்பா கத்துனது பிழை. ஓம் மேல பிழை இல்ல" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று தொடங்காதீர்கள். அழாதீர்கள், அழுதால் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். மன்னிப்புக்குப் பதிலாக டொபி வாங்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் சின்ன வயதுக் கதை முழுவதையும் அந்த நேரத்தில் கொட்டாதீர்கள். அது கொப்பிக்கு.

பிள்ளை ஒன்றும் சொல்லாமல் ஓடிவிடலாம். என் மகன் ட்ரிப் விஷயத்துக்கு நான் மன்னிப்பு கேட்டபோது, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு விளையாடப் போனான். மூன்று நாள் கழித்து இரவில் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான்.

இதில் சாமி எங்கே வருகிறது?

எனக்கு எல்லாப் படியிலும் வருகிறது. சைவ சித்தாந்தத்தில் ஆணவம் என்ற மலத்தை, அதாவது உயிரின் அழுக்கை, செம்பில் பிடித்த களிம்புக்கு ஒப்பிடுவார்கள். எங்கிருந்தோ வந்து ஒட்டியது அல்ல, செம்போடு கூடவே இருப்பது. திருவிழாவுக்கு முன் கோயில் செம்பைப் புளி போட்டுத் துலக்குகிற அம்மாமாரைப் பாருங்கள். களிம்பைக் கண்டு யாரும் செம்பை வீசுவதில்லை. ஒரே நாளில் துலக்கி முடித்துவிட்டோம் என்றும் சொல்வதில்லை. மாதாவை நம்புகிற குடும்பங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் அன்றைய நாளை மனதில் ஓட்டிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதுவும் இதற்குப் பக்கத்து வீடுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பக்தியை நிழலுக்கு மூடியாகப் போட்டுவிடலாம். ஐயப்பனுக்கு மாலை போட்ட 41 நாளும் வீட்டில் சத்தம் இருக்காது. மாலையைக் கழற்றிய அடுத்த கிழமை சட்டி பானை பறக்கும். காரணம், அந்த 41 நாளும் கோபத்தைப் பார்க்கவில்லை, மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். அதற்காக மாலை போடாதீர்கள் என்று சொல்லவில்லை. விரத நாட்களில் கொப்பியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அடங்கியிருக்கும் கோபம் என்ன பேசுகிறது என்று எழுத அதைவிட நல்ல காலம் கிடையாது. மாலை போட்டவர் எதிரில் வரும் எல்லோரையும் "சாமி" என்று கூப்பிடுவார், ஆறு வயது மகனையும். "சாமி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட அதே வாய்க்கு, மாலை கழன்றதும் "டேய்" வந்துவிடுகிறது. நான் கழற்றிய பிறகும் வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பிள்ளைகளைச் சாமி என்றே கூப்பிடுகிறேன். சாமி என்று கூப்பிட்டுவிட்டுக் கை ஓங்குவது கஷ்டம்.

மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தால் இந்த வருடம் தள்ளி நிற்காமல் கிட்டப் போய்ப் பாருங்கள். சிவனின் கோபத்தில் மன்மதன் எரிகிறான், ரதி அழுகிறாள், பிறகு அவன் திரும்பி வருகிறான். கோபமும் அழுகையும் ஊர் கூடி வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை என்று நம் பாட்டன்மாருக்குத் தெரிந்திருக்கிறது. வேஷம் கட்டிய ஆண்கள் அங்கே அழுவார்கள், யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை.

கொழும்பில் வேலை செய்யும் அப்பாமாருக்கு

நானும் பதினொரு வருடம் அப்படி இருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் வருகிற அப்பா. வந்ததும் முதல் வேலையாக ரிப்போர்ட்டைக் கேட்பது நம் வழக்கம், ஏனென்றால் வேறு எதைப் பேசுவது என்று தெரியாது. முதல் நாள் எதையும் விசாரிக்காதீர்கள். பிள்ளையோடு கடைக்கு நடந்து போய் வாருங்கள். நீங்கள் இல்லாமல் வீடு ஓடப் பழகியிருக்கிறது. அதைப் பார்க்கும்போது நெஞ்சில் ஒரு குத்து வரும், அது பிறகு கோபமாக வெளியே வரும். அந்தக் குத்தைத்தான் பதிவு போட வேண்டும். மனைவி வெளிநாட்டில், பிள்ளைகள் உங்களிடம் என்றால், சோறு ஆக்குவதும் தலை பின்னுவதும் "பொம்பள வேலை" என்று உள்ளே முனகும் குரலையும் மூன்றாம் படியில் வைத்து விசாரியுங்கள்.

மாதம் ஒரு முறை

பௌர்ணமி லீவு நாளில் கொப்பியை முதலிலிருந்து வாசியுங்கள். ஒரே வயது திரும்பத் திரும்ப வருகிறதா, ஒரே சொல் வருகிறதா என்று பார்த்துக் கோடு போடுங்கள். பதிவு குறைந்தால் சந்தோஷம், கூடினால் பயப்பட வேண்டாம், முன்பு கண்ணில் படாதது இப்போது படுகிறது. நம்பிக்கையான ஒரு ஆளிடம், இன்னொரு அப்பாவாக இருந்தால் நல்லது, மாதம் ஒரு பதிவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டே போகும்போது தூக்கம் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால், பழைய ஞாபகம் வந்து வேலை செய்ய முடியாமல் போனால், நிறுத்திவிட்டு மேலே சொன்ன இலக்கத்துக்குப் பேசுங்கள்.

கொப்பி நிறைந்தால் என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் ஒவ்வொன்றையும் போகி அன்று அடுப்பில் வைத்துவிடுகிறேன். அப்பாவுக்கு எழுதிய கடிதம் மட்டும் சாமித்தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. போன வருடம் மகள் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டாள். அப்பாவின் கோபக் கணக்கு என்றேன். தனக்கும் ஒரு கொப்பி வேண்டும் என்றாள். அடுத்த நாள் தலவாக்கலைக் கடையில் இரண்டாக வாங்கினேன்.